பழைய ஜீப்பு வாங்கலாமா?

(ஒரு விவசாய டெமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

உழவுமாடு பிடிப்பதில் நம் குடியானவர்களுக்குள்ள சாமர்த்தியம் எல்லோரும் அறிந்ததே. சந்தையில் ஒரு ஜோடியைக் கண்டால் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; பிறகு சுழி, குளம்பு, திமில், வால் ஆகியவற்றைக் கவனிப்பார்கள்; நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்; வண்டியிலோ கலப்பையிலோ பூட்டிப் பார்க்காமல் மடியை அவிழ்ப்பதில்லை. தரகர் எவ்வளவு புகழ்ந்தாலும் கேட்டுக்கொண்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தாம் நினைத்த விலையையே சொல்வார்கள். இத்தகைய சாமர்த்தியமுடையவர்கள், ஒரு ஜோடி மாட்டின் விலையைவிடப் பன்மடங்கு கொடுத்துப் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கும்போது மாத்திரம் அதன் புதுச் சாயத்தையும் இஞ்சின் சத்தத்தையும் நம்பித் தீர்மானிப்பது எனக்கு நெடுநாளாக ஆச்சரியத்தையும் வருத்தத்தையும் தந்து வருகிறது.

சில காலத்துக்கு முன் மிளகுக்கொடிச் செயல்விளக்கத்தின் பொருட்டு ஒரு மலைக்கிராமத்துக்குச் சென்றிருந்தேன். ஐந்து ஏக்கர் காப்பியும் மிளகும் வாழையும் உள்ள ஒரு குடியானவர், தம் மாட்டுக்கொட்டிலில் நிற்கும் ஜீப்பை எனக்குக் காட்டினார். ரூ. 2,60,000 கொடுத்து வாங்கியது. அதில் பாதிக்குமேல் மனைவியின் நகையை ஈடு வைத்துப் பெற்ற பணம். வாங்கிய நான்காம் மாதம் முதல் வண்டி நின்றுவிட்டது. அதன் பின்னாசனத்தில் கோழி அடை கிடந்தது. கீழே குனிந்து பார்த்ததில், முன் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டே இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ கழற்றி விற்றிருக்கிறார்கள். ரிஜிஸ்ட்ரேஷன் புத்தகமோ காலஞ்சென்ற ஒருவர் பெயரில் இருந்தது. "இஞ்சின் மணிபோல ஓடிற்று ஐயா, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார் அவர். இஞ்சின் இன்றும் மணிபோலத்தான் ஓடுகிறது. வண்டிதான் தோட்டத்துக்குப் போவதில்லை.

நான் யந்திர சாஸ்திரம் படித்தவனல்லேன். விவசாயப் பட்டயம் பெற்றவன். ஆயினும் இலாகா ஜீப்புகளில் இருபதாண்டு காலம் மலையும் சேறுமாக அலைந்ததில் கற்றுக்கொண்டதையும், கெட்டிக்காரத் தொழிலாளிகளிடம் கேட்டறிந்ததையும் கொண்டு என் அபிப்பிராயத்தைச் சொல்லத் துணிகிறேன். அபிப்பிராயம் இதுதான்: பழைய ஜீப்பின் மதிப்பு அதன் இஞ்சினில் இல்லை. முதலாவது, உங்கள் பாதையில் அது உண்மையாகவே தேவைப்படும் நாட்களின் எண்ணிக்கையிலும், இரண்டாவது, அதன் அடிச்சட்டத்திலும், மூன்றாவது, அதன் தஸ்தாவேஜுகளிலும் இருக்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், இனாமாகக் கொடுத்தாலும் அவ்வண்டி விலையதிகமே.

இவ்வண்டி எதற்காக ஏற்பட்டது?

1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், போர்டு என்னும் இரண்டு கம்பெனியாரும், இரண்டாம் உலகயுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தனர். யுத்தம் முடிந்ததும் 1945-இல் வில்லிஸ் கம்பெனியார் அவ்வண்டியையே சிறிது மாற்றிப் பொதுஜனங்களுக்கு, முக்கியமாகக் குடியானவர்களுக்கு, விற்கலாயினர். ஏர் இழுக்கவும், இஞ்சின் விசையை வெளியே எடுத்து வேறு யந்திரங்களை ஓட்டவும் அதில் வசதியுண்டு என்று விளம்பரம் செய்தனர். நம் தேசத்தில் 1940-களின் இறுதியில் மகீந்திரா கம்பெனியார் அவ்வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். 1980-களில் பிரெஞ்சு தேசத்துப் பெழோ கம்பெனியின் அமைப்பைத் தழுவிய டீசல் இஞ்சினுடன் எம்.எம். 540 என்ற வண்டி வந்தது. 1985-இல் மாருதி ஜிப்ஸி என்னும் பெட்ரோல் வண்டியும், 2010-இல் தார் என்னும் வண்டியும் வெளிவந்தன. இன்று நம் மலைக்கிராமங்களில் கைமாறும் பழைய வண்டிகள் பெரும்பாலும் இவையே.

ஆகவே ஜீப்பு ஆதியில் படாடோபத்துக்கென்று ஏற்பட்டதன்று. பாதையில்லாத இடத்தில் பாரத்தோடு போவதற்கென்றே ஏற்பட்டது. பாதை உள்ள இடத்தில் அது மற்ற வண்டிகளைவிட மெதுவாகவும், அதிக எண்ணெய் குடித்தும், உடம்பை உலுக்கியும் ஓடும். தார்ச்சாலையோரம் நஞ்சை வைத்திருக்கும் மிராசுதார் ஒருவர் ஜீப்பு வாங்குவது, சமையலுக்கு அரிவாள்மணை இருக்கக் கோடரியைத் தேடுவதை ஒக்கும். சமவெளியில் உழவுக்கும் பாரத்துக்கும் டிராக்டரே போதும். அதைத் தினவாடகைக்கும் மணிவாடகைக்கும் பெறலாம்.

சேற்று நாட்களை எண்ணுக

வாங்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது வண்டியைப் பார்ப்பதன்று; சென்ற ஆண்டின் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்காருவது. எந்தெந்த மாதத்தில் எத்தனை நாள் தோட்டத்திலிருந்து சரக்கு இறங்கிற்று, எத்தனை நாள் உரமும் நாற்றும் ஏறின, அவற்றுள் எத்தனை நாள் சாதாரண வண்டி ஏறமுடியாமல் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஞாபகத்தை மாத்திரம் நம்புதல் கூடாது. ஒரே ஒரு நாள் இரவு முழுவதும் சேற்றில் அகப்பட்டுக்கொண்டவனுக்கு ஆண்டு முழுவதும் சேறாகவே தோன்றும்.

கணக்கின் பொருட்டு ஓர் உதாரணம் கொள்வோம். இதிலுள்ள தொகைகள் வழி காட்டுவதற்கு மட்டுமே. அவரவர் ஊர் விலையை இட்டு அவரவர் போட்டுக்கொள்க. வண்டியின் கிரயம் ரூ. 2,40,000. வாங்கியவுடன் செய்யவேண்டிய மராமத்து ரூ. 90,000. பெயர்மாற்றம், பதிவுப் புதுப்பிப்பு, வரி வகையறா ரூ. 30,000. ஆக முதல் ரூ. 3,60,000. ஆறு வருஷம் ஓட்டிய பின் ரூ. 1,20,000-க்கு விற்றால், தேய்மானம் ரூ. 2,40,000, வருஷம் ஒன்றுக்கு ரூ. 40,000. போட்ட முதலுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி ரூ. 36,000. டயர், பாட்டரி, இன்ஷூரன்ஸ், சில்லறை மராமத்து ஆகியவற்றுக்கு வருஷம் ரூ. 44,000. ஆக, வண்டி கொட்டிலைவிட்டு அசையாமல் நின்றாலும் வருஷச் செலவு ரூ. 1,20,000.

இனி, வாடகை ஜீப்பு ஓட்டுபவரோடும் டீசலோடும் நாளொன்றுக்கு ரூ. 2,500 என்போம். சொந்த வண்டிக்கு அதே நாளில் டீசலும் ஓட்டுபவர் கூலியுமாக ரூ. 1,300 ஆகும் என்போம். மிச்சம் ரூ. 1,200. ஒரு லட்சத்து இருபதினாயிரத்தை ஆயிரத்திருநூறால் வகுக்க, நூறு நாள் வருகிறது. அதாவது வருஷத்தில் நூறு நாளுக்குக் குறையாமல் வேலையுள்ளவருக்கே அவ்வண்டி கட்டிவரும். நாற்பது நாள் வேலையுள்ளவர் வாடகைக்குப் பிடிப்பதே லாபம். மேற்சொன்ன ஐந்து ஏக்கர் குடியானவரிடம் பிறகு கேட்டு எண்ணியதில், முப்பத்தைந்து நாளுக்குமேல் வரவில்லை. நல்ல வண்டியே அவருக்குக் கிடைத்திருந்தாலும் கணக்கு அவருக்கு விரோதமாகவே இருந்திருக்கும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவனையும் மழைக்காலத்து இரவில் கீழே கொண்டுசெல்ல வாடகை வண்டி வராதே என்பார்கள். இது மெய்யான ஆட்சேபம். இதை ரூபாயில் வைத்து வகுக்க நான் துணியேன். ஆயினும், அந்த இரவை நம்பி வாங்கும் வண்டி அந்த இரவில் ஓடக்கூடிய வண்டியாக இருத்தல் வேண்டும் அல்லவா? ஆதலின் அத்தகையோர் சோதனையை இரட்டிப்பாகச் செய்தல் தகும்.

ஜீப்பு யாவும் நான்கு சக்கர இழுவையன்று

ஜீப்பு உருவமுள்ளதெல்லாம் நான்கு சக்கரத்தாலும் இழுக்கும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. ஜனங்களை ஏற்றிச்செல்லும் நீண்ட ஜீப்புகளான கமாண்டர், மார்ஷல் முதலியவற்றில் பெரும்பாலானவை பின் சக்கரங்களால் மட்டும் ஓடுபவை. குனிந்து முன் அச்சைப் பார்த்தால் தெரியும். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியின் முன் அச்சில், பின் அச்சில் உள்ளதுபோன்றே பூசணிக்காயளவு இரும்புக் கூடு ஒன்றும், அதிலிருந்து கியர்ப் பெட்டிக்குச் செல்லும் தண்டும் இருக்கும். ஓட்டுபவரருகில் சாதாரண கியர் ராடைத் தவிர இன்னும் ஒன்றோ இரண்டோ சிறு ராடுகள் இருக்கும்.

இருந்தால் மாத்திரம் போதாது. வேலை செய்யவும் வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, இஞ்சினை அணைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்குக. நான்கு சக்கர ராடைப் போட்டபின் அச்சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றலாகாது. ராடை எடுத்தபின் சுற்றவேண்டும். சக்கரக்குடத்தில் பூட்டுள்ள வண்டியானால் பூட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். ராடைப் போட்ட பிறகும் சக்கரம் தாராளமாகச் சுற்றுமாயின், உள்ளே ஏதோ ஒன்று ஒடிந்திருக்கிறது, அல்லது இல்லவேயில்லை.

சக்கரம் மேலேயிருக்கும்போதே அதன் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு கண்டால் பேரிங்கோ கிங்பின்னோ தேய்ந்திருக்கிறது. இத்தகைய வண்டி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்தவுடன், முன் சக்கரங்கள் இரண்டும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைபோல் ஆடத் தொடங்கிவிடும். ஸ்டியரிங்கு கையில் நில்லாது. மலைச்சாலை வளைவில் இது நேர்ந்தால் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை.

பிறகு உழுத கொல்லை ஒன்றில் இறக்கி, நான்கு சக்கரமும் பூட்டி, முன்னும் பின்னும் நேராக ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டுதல் கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டியிருக்க, பூட்டு அதற்கு இடங்கொடாது. டயரும் பற்சக்கரமும் வீணாகத் தேயும். விற்பவர் இதை அறியாதவராக இருந்தால், அவர் கையில் அவ்வண்டி எப்பாடு பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். குறைவேக ராடையும் போட்டுப் பார்க்க மறத்தலாகாது. பாரத்தோடு மலையிறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கைவிட அதுவே. ஓடையைக் கடந்து ஈரமான டிரம் பிரேக்கு சிறிது நேரம் பிடிக்காது என்பதை மலைவாசிகள் நன்கறிவர்.

அடிச்சட்டம்

ஜீப்பின் எல்லா உறுப்புகளும் சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின்மேல் ஏற்றப்பட்டவை. இஞ்சினை மாற்றலாம், கியர்ப் பெட்டியை மாற்றலாம், தகரக் கூட்டை ஊர்க்கொல்லரே தட்டிச் சரிசெய்வார். அடிச்சட்டம் துருவால் இற்றுப்போயிருந்தால் அதற்கு மருந்தில்லை. ஆகவே மாட்டுக்குப் பல் எப்படியோ, ஜீப்புக்கு அடிச்சட்டம் அப்படி.

பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, சிறிய சுத்தியால் சட்டத்தின் இரு கரைகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிச் செல்க. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மண்பானையில் விரிசல் கண்டாற்போல் மந்தமாக ஒலிக்கும். வில்பட்டைகள் சட்டத்தோடு சேருமிடம், பின்புறக் குறுக்குச் சட்டம், சேறு தங்கும் மூலைகள் ஆகிய இவ்விடங்களில் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மேற்சாயம் பழையதாயிருக்க அடியில் மாத்திரம் புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால், அது அலங்காரமன்று, மறைப்பு. இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்த ஒட்டு ஒன்றிரண்டு இருந்தால் காரணம் கேட்கலாம். பல இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

"பழைய இரும்பு கெட்டி, புது வண்டியெல்லாம் தகரம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இரும்பு கெட்டியானதுதான், ஆனால் துரு அதைவிடக் கெட்டியானது. முப்பது வருஷ மழையைக் கண்ட இரும்பு, புதிதாக இருந்தபோது எவ்வளவு கெட்டி என்பது இன்றைய பாரத்தைத் தாங்காது.

இஞ்சின்

இஞ்சினைக் கடைசியில் வைத்தது அதை அலட்சியம் செய்யவேண்டும் என்பதற்கன்று. அதன் குறைகள் செலவுக்குட்பட்டவை. பேரத்தில் கழித்துக்கொள்ளத் தக்கவை. போனவுடன் பானட்டின்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்தபின் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த இஞ்சின் எத்தனை முறை முனகிக் கிளம்புகிறது என்பதே அதன் ஆரோக்கியத்தின் அளவு. நீலப்புகை இஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பாரமில்லாதபோதும் நிற்காத கறும்புகை, டீசல் சரியாக எரியாததைக் காட்டும். சூடேறிய பிறகும் வெண்புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், தண்ணீர் உள்ளே இறங்குவதாகச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் குச்சியில் மோர் நிறம் கண்டாலும் அதே பொருள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தவுடன் அடுப்புப்போல் புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன.

இவையெல்லாம் பார்த்தபின், மாட்டை வண்டியில் பூட்டிப் பார்ப்பதுபோல், தாம் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றித் தம் பாதையிலேயே ஏற்றிப் பார்க்க வேண்டும். காலி வண்டியை ஊர்ச்சாலையில் ஓட்டிக் காட்டுவது சோதனையன்று, ஊர்வலம்.

தஸ்தாவேஜுகள்

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காதவர் நம்மில் இல்லை. வண்டிக்கும் வில்லங்கம் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷங்களுக்குப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் கார் வகையைச் சேர்ந்த இத்தகைய வண்டிகளுக்கு முன்பு ரூ. 600 ஆக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 1-4-2022 முதல் ரூ. 5,000 ஆக்கப்பட்டது, இருபது வருஷம் கடந்தவற்றுக்கு 2025-இல் ரூ. 10,000 ஆக உயர்த்தப்பட்டது. இவற்றோடு வரியும் உண்டு. பதிவு காலாவதியான வண்டியை, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தையை நம்பி வாங்குதல் கூடாது. பார்த்துக்கொள்ளக் கூடியதாயிருந்தால் விற்பவரே பார்த்துக்கொண்டு விலையை ஏற்றியிருப்பார்.

சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் துடைத்துப் பார்த்துப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவேண்டும். எண்ணைச் சுரண்டி மறுபடி வெட்டிய அடையாளமிருந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். வண்டியின் உருவத்தையும் ஒப்பிடுக. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாகப் புத்தகத்திலுள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கூரையை வெட்டி, இஞ்சினை மாற்றி, பெரிய டயர் பூட்டி "அழகு" செய்த வண்டிக்குச் சிலர் அதிக விலை கேட்பது விந்தையே. அதற்கு விலை குறையவேண்டும்.

டில்லியில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாதென்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்சநீதிமன்றமும் உத்தரவிட்டதன் பின், வடக்கத்திய வண்டிகள் பல தெற்கே விலைக்கு வந்தன. வேறு மாநிலத்து வண்டியானால், அங்குள்ள அதிகாரியின் ஆட்சேபணையின்மைச் சான்று இருக்கவேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குமேல் இங்கு வைத்துக்கொள்வதானால் இங்கே புதிய எண் பெறவேண்டும், வரியும் கட்டவேண்டும். இவற்றைக் கூட்டினால் மலிவு மறைந்துவிடுவதுண்டு.

பெயர்மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் கொடுக்கவேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் பதினான்கு நாளுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடன் குறிப்பு இருந்தால் 35-ஆம் படிவத்தால் அதை நீக்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறாதவரை, விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு புத்தகத்தில் பெயருள்ளவருடையதே என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. தேனி ஜில்லாவிலிருந்து இடுக்கி மலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி ஏறிப்போவதை யாவரும் கண்டிருக்கிறோம். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் வாடகை வாங்கி ஆளோ சரக்கோ ஏற்றுவது சட்டவிரோதம். மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் மாத்திரம் உள்ள சொந்த வண்டியில் ஏறிச்செல்வோருக்கு அதனால் காப்பில்லை. "ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் கடன் அடைந்துவிடும்" என்ற எண்ணத்தில் வண்டி வாங்குவோர், அந்த ஆட்களின் உயிரை ஈடுவைத்து வாங்குகிறார்கள். வாடகைக்கு ஓட்டுவதானால் அதற்குரிய பதிவும் பர்மிட்டும் இன்ஷூரன்ஸும் பெற்றே ஓட்டவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

பழைய வண்டிகள் பல, காலஞ்சென்றவர் பெயரிலேயே நான்கைந்து கைமாறுகின்றன. குடும்பத்தார் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் உரிய காலத்தில் பெற்று, 31-ஆம் படிவத்தால் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி கிராம அதிகாரிகள் புத்தி சொன்னால், பின்னால் வாங்கும் ஓர் ஏழையின் பணம் தப்பும். சர்க்கார் ஏலத்தில் எடுத்த வண்டிக்கு 32-ஆம் படிவம் என்பதையும் தெரிவிப்பார்களாக.

இதைவிடப் பெரியதொன்று உண்டு. நான் முதலில் சொன்ன கிராமத்தில் ஆறு வருஷத்துக்குள் ஐந்து பேர் ஐந்து பழைய ஜீப்புகள் வாங்கியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டே அப்பாதையில் நடந்து பார்த்தேன். நான்கு கிலோமீட்டர்ப் பாதையில் மற்ற இடமெல்லாம் சரளைக்கல். சாதாரணச் சரக்கு வண்டி மழையிலும் ஏறும். ஒரே ஓர் ஓடையிறக்கத்தில், சுமார் இருநூறு கஜ தூரம், களிமண்ணும் வழுக்குப்பாறையும். அந்த இருநூறு கஜத்துக்காகவே ஐந்து குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன. ஐந்து ஜீப்புக்கும் கொடுத்த தொகையைக் கூட்டினேன். மராமத்து நீங்கலாகவே பன்னிரண்டு லட்சத்துக்குமேல் வந்தது. அத்தொகைக்கு அந்த ஓடையில் கல்பாவிய தரைப்பாலமும் இருபுறமும் வடிகாலும் பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பது என் மதிப்பு. பாலம் ஐந்து குடும்பத்துக்கு மாத்திரமன்று, ஜீப்பு வாங்கச் சக்தியற்ற நாற்பது குடும்பத்துக்கும் உதவியிருக்கும். கர்ப்பிணியை ஏற்றிச்செல்ல ஆம்புலன்ஸும் வந்திருக்கும்.

ஆதலின், ஓர் ஊரில் இரண்டாவது ஜீப்பு வாங்கப்பட்டவுடனே அதைச் செல்வத்தின் அடையாளமாகக் கொள்ளாமல், பாதை எங்கோ கெட்டிருக்கிறது என்ற அறிக்கையாகக் கிராம அதிகாரிகள் கொள்ளவேண்டும். அடுத்த கிராம சபையில் அவ்விடத்தைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றி மேலே அனுப்புவது அவர்கள் கடமை. பாதை அகன்று போக வழியேயில்லாத, காட்டினூடே செல்லும் தோட்டங்களுக்கு ஜீப்பு வேண்டியதுதான். அங்கும் நாலு பேர் சேர்ந்து நல்லதொன்றை வைத்துக்கொண்டால், ஒருவருக்கு இருபத்தைந்து நாள் வேலையிருந்தாலும் நூறு நாள் நிரம்பிவிடும். யார் பெயரில் பதிவு, யார் எவ்வளவு போடுவது, பழுதுக்கு யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொண்டால் சிநேகமும் கெடாது.

முடிவாக, கிரயம் பேச உட்காருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நூறு நாள் வேலையுண்டா? சட்டம் கணீரென்று ஒலிக்கிறதா? புத்தகத்திலுள்ள பெயர் எதிரே உட்கார்ந்திருப்பவருடையதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், இஞ்சினின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி விலையைக் குறைத்து, தைரியமாக வாங்குங்கள். முப்பது வருஷ வண்டியாயினும் உழைக்கும். ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால், விற்பவருக்கு வந்தனம் சொல்லி எழுந்துவிடுங்கள். அன்று வெறுங்கையோடு வீடு திரும்பியதில் நஷ்டம் ஒன்றுமில்லை. வீட்டு நகை வீட்டிலேயே இருக்கும்.